அறிவிக்கை இல்லாத வேலைகள்

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 4 அறிவிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் இளநிலை உதவியாளருக்கும் ஊதியம் ரூ.19,500 முதல் ரூ.71,900 வரை, ஊதிய நிலை 8 என்று அதில் அச்சாகியிருக்கும். காலியிடங்கள், வயது வரம்பு, கல்வித் தகுதி, இடஒதுக்கீடு, பாடத்திட்டம் எல்லாமே உண்டு. தகுதிகாண் பருவம், விடுப்பு, பதவி உயர்வு ஆகியவற்றைப் பணி விதிகள் சொல்லிவிடுகின்றன. விண்ணப்பிப்பவர் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. படித்துப் பார்த்துவிட்டு எழுதலாம், எழுதாமலும் விடலாம்.

தனியார் நிறுவனத்தின் விளம்பரத்தில் 'சம்பளம் தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப' என்ற ஒரு வரி இருக்கும். அதைப் பார்த்து விண்ணப்பித்தவர் மூன்று சுற்று தாண்டிக் கடைசி அறையில் உட்கார்ந்திருப்பார். கேள்விகள் முடிந்து, கோப்பை மூடும் நேரத்தில், 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?' என்று எதிரே இருப்பவர் ஆங்கிலத்தில் கேட்பார். "நத்திங் சார்" என்று பதில் வரும். சற்றுப் பயிற்சி பெற்றவராக இருந்தால், 'இந்த நிறுவனத்தில் நான் எப்படி வளரலாம்?' என்று மனப்பாடம் செய்துவந்த ஒரு கேள்வியை ஒப்பிப்பார். இரண்டாலும் அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரிந்துவிடுவதில்லை.

இந்த மௌனத்தைக் கூச்சம் என்றும் ஆங்கிலத் தயக்கம் என்றும் சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. மாகாண அளவில் இந்தியாவின் முதல் பணியாளர் தேர்வாணையம் 1929-இல் சென்னையில்தான் அமைந்தது. அதற்குப் பிந்தைய மூன்று தலைமுறைகளுக்கு இங்கே உத்தியோகம் என்றாலே சர்க்கார் உத்தியோகம். அதற்கு அடுத்தபடியாக வங்கி, ரயில்வே. அந்த உலகத்தில் நேர்காணல் ஒருவழிப் பாதையாக இருந்ததற்கு நியாயம் உண்டு. நிபந்தனைகள் ஏற்கெனவே அச்சில் இருந்தன. மிச்சம் இருந்தது விண்ணப்பதாரரை அளப்பது மட்டும். 1991-க்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலைகளும் தரமணியிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் மென்பொருள் அலுவலகங்களும் வந்தபோது, அறிவிக்கை மறைந்தது. அறிவிக்கைக் காலத்து மௌனம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. தனியார் நேர்காணலில் வேலை தேடுபவர் கேட்கும் கேள்விகள், முன்பு அறிவிக்கை செய்துவந்த வேலையைச் செய்ய வேண்டியவை. அவற்றை நாகரிகமாக, ஆர்வமாகத் தெரிவதற்கான உத்தி என்று சொல்லிக்கொடுப்பது விஷயத்தையே சிறுமைப்படுத்துவது.

  

ஒரு பக்கத்துக்கு மட்டும் தகவல் தெரிந்திருக்கும் இந்த நிலைக்குப் பொருளியலில் ஒரு வரலாறு உண்டு. 1970-இல் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதினார். காரின் கோளாறு விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சந்தையையே கெடுத்துவிடும் என்று காட்டினார். மூன்று ஆண்டு கழித்து மைக்கேல் ஸ்பென்ஸ் அதே சிந்தனையை வேலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். முதலாளிக்கு ஆளின் திறமை தெரியாது. ஆகவே பட்டத்தை ஓர் அடையாளமாகப் பார்க்கிறார் என்பது அவர் வாதம். இருவரும் ஜோசப் ஸ்டிக்லிட்சும் 2001-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். ஸ்பென்ஸின் அந்தப் புகழ்பெற்ற மாதிரியில் தகவல் இல்லாமல் தவிப்பவர் முதலாளி என்பதைக் கவனிக்க வேண்டும். நிறுவனம் எப்படிப்பட்டது என்று தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவரின் இருட்டு அதே அளவுக்குப் பேசப்படவில்லை.

அந்தப் பக்கத்தைப் பார்த்தவர்கள் தொழில்சார் உளவியலாளர்கள். ஜோசப் வைட்ஸ் 1956-இல் வெளியிட்ட ஆய்வு ஆயுள் காப்பீட்டு முகவர்களைப் பற்றியது. முகவர் வேலை அன்றாடம் எப்படி இருக்கும் என்று உள்ளது உள்ளபடி சொல்லும் ஒரு சிறு கையேட்டை விண்ணப்பித்தவர்களில் ஒரு பகுதியினருக்குக் கொடுத்தார்கள். கையேடு பெற்றவர்கள் வேலையில் கூடுதலாகத் தங்கினார்கள். 1973-இல் ஜான் வானஸ் தொலைபேசி இயக்குநர் வேலைக்கு வந்தவர்களிடம் இதைத் திரைப்படமாகச் சோதித்தார். சிலருக்கு வழக்கமான விளம்பரப் படம்; மற்றவர்களுக்கு வேலையின் சலிப்பையும் கெடுபிடியையும் மறைக்காத படம். இரண்டாவதைப் பார்த்தவர்களின் எதிர்பார்ப்பு நிதானமாக இருந்தது, வேலையை விடும் எண்ணமும் குறைவாக இருந்தது. பின்னாளில் இத்தகைய ஆய்வுகளை எல்லாம் தொகுத்துப் பார்த்தபோது விளைவு சிறியது என்றே தெரிந்தது. ஆனாலும் திசை ஒன்றுதான்: உண்மையை முன்கூட்டியே சொல்வதால் நிறுவனத்துக்கு நட்டமில்லை. ஆகவே நல்ல கேள்வி கேட்கும் விண்ணப்பதாரர் நிறுவனத்துக்கும் உபகாரம் செய்கிறார்.

நம் பொறியியல் கல்லூரிகளில் வேலையை முன்கூட்டியே விளக்குவதற்கென்றே ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. வளாகத் தேர்வுக்கு முன் நிறுவனத்தார் வந்து அரங்கில் பேசுவார்கள், 'பி.பி.டி.' என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான். பளபளப்பான படங்கள், கண்ணாடிக் கட்டடம், டேபிள் டென்னிஸ் மேசை. வானஸின் முதல் வகைப் படம்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் நம் அரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கிறது.

என்ன கேட்பது என்பதற்கு முன் எப்படிக் கேட்பது என்று பார்க்கலாம். இதில் விண்ணப்பதாரர் நிறுவனத்திடமிருந்தே கற்றுக்கொள்ளலாம். 'குழுவில் கருத்து வேறுபாடு வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று கேட்டால் எல்லாரும் அழகாகப் பதில் சொல்வார்கள். 'அப்படி ஒரு வேறுபாடு வந்த சந்தர்ப்பத்தைச் சொல்லுங்கள், என்ன செய்தீர்கள்?' என்று கேட்டால் பதில் மாறும். தொழில்சார் உளவியலாளர் டாம் ஜான்ஸ் 1982-இல் இந்த இரண்டாம் வகையைச் சாதாரண நேர்காணலோடு ஒப்பிட்டுச் சோதித்து அதுவே மேல் என்று கண்டார். இன்று பெரிய நிறுவனங்கள் எல்லாம் அப்படித்தான் கேட்கின்றன. அதையே அவர்கள் பக்கம் திருப்ப வேண்டும். 'இங்கே வேலைக்கும் குடும்பத்துக்கும் சமநிலை உண்டா?' என்றால் 'கண்டிப்பாக' என்று பதில் வரும். 'உங்கள் குழு கடைசியாக எப்போது ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தது, ஏன்?' என்றால் அப்படித் தப்பிக்க முடியாது. 'பயிற்சி கொடுப்பீர்களா?' என்பதைவிட 'போன வருடம் சேர்ந்தவர்கள் முதல் மூன்று மாதம் என்ன செய்தார்கள்?' என்பது மேல். 'இந்த இடம் எப்படிக் காலியானது? முன்பு இருந்தவர் இப்போது எங்கே?' என்ற கேள்வி எனக்கு மிகப் பிடித்தது. பதவி உயர்வில் போனாரா, விட்டுப் போனாரா, இடமே புதிதா என்பது தெரிந்துவிடும். பதில் சொல்ல எடுத்துக்கொள்ளும் நேரமும் ஒரு தகவல்தான். இறந்தகாலத்தில் கேட்டால் நடந்தது வெளிவரும். எதிர்காலத்தில் கேட்டால் விளம்பரம்தான் வரும்.

இனி, பலரும் கேட்கக் கூசும் பணம். சி.டி.சி., அதாவது ஓர் ஊழியருக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு, என்ற மூன்றெழுத்தை வைத்து நம் இளைஞர்களை ஏமாற்றுவதைப்போல வேறெதை வைத்தும் ஏமாற்றுவதில்லை. ஆண்டுக்கு 6 லட்சம் என்று கடிதத்தில் இருந்தால் மாதம் 50,000 என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுவார்கள். பிரித்துப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் அதில் பாதி, அதாவது 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நிறுவனம் செலுத்தும் வருங்கால வைப்புநிதிப் பங்கு 12 சதவீதம், ரூ.36,000; அது சி.டி.சி.க்குள்ளேயே இருக்கும். பணிக்கொடைக்காக அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், ரூ.14,430, அதுவும் உள்ளேதான். 'வேரியபிள்' என்ற பெயரில், செயல்பாட்டைப் பொறுத்துக் கிடைக்கும் தொகை மொத்தத்தில் 10 சதவீதம், ரூ.60,000. குழுக் காப்பீட்டுப் பிரீமியம் ஒரு 10,000 ரூபாய். இவை போக மிச்சம் ரூ.4,79,570. அதிலிருந்து ஊழியரின் சொந்த வைப்புநிதிப் பங்கு இன்னொரு ரூ.36,000 பிடித்தமாகும். மாதக் கையிருப்பு ஏறத்தாழ ரூ.37,000; தொழில் வரி போன்ற சில்லறைப் பிடித்தங்கள் தனி. 50,000 எங்கே, 37,000 எங்கே? சென்னையில் அறை வாடகையும் கல்விக் கடன் தவணையும் அந்த வித்தியாசத்துக்குள்தான் இருக்கின்றன.

இதில் எதுவும் சட்டவிரோதம் இல்லை. வைப்புநிதி என்றோ ஒருநாள் கைக்கு வரும். பணிக்கொடையோ ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றினால்தான் கிடைக்கும் என்பது 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பொது விதி. மூன்றாம் ஆண்டில் வேறு நிறுவனத்துக்குத் தாவுவதே வழக்கமாகிவிட்ட துறையில், அந்த 14,430 ரூபாய் பலருக்கும் காகிதத்தோடு நின்றுவிடும். குறித்த கால ஒப்பந்தத்தில் சேருபவர்களுக்குப் புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இந்தக் காலத்தை ஓராண்டாகக் குறைத்திருக்கிறது. ஆகவே 'நான் நிரந்தரப் பணியாளரா, குறித்த கால ஒப்பந்தமா, வேறொரு ஏஜென்சியின் சம்பளப் பட்டியலில் வருவேனா?' என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. வைப்புநிதியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சில நிறுவனங்கள் முழு அடிப்படைச் சம்பளத்துக்கும் 12 சதவீதம் கட்டும். வேறு சில, சட்ட உச்சவரம்பான 15,000 ரூபாய்க்கு மட்டும் கணக்கிட்டு மாதம் 1,800 ரூபாயோடு நிறுத்திக்கொள்ளும். எது என்று கேட்டால்தான் தெரியும். வேரியபிளுக்குக் கேள்வி ஒன்றே: 'சென்ற ஆண்டு இந்த நிலையில் இருந்தவர்களுக்கு எத்தனை சதவீதம் கொடுத்தீர்கள்?' நூறு சதவீதம் வரை கிடைக்கலாம் என்பது பதில் ஆகாது.

அடுத்தது பாண்ட், அதாவது குறித்த காலத்துக்கு முன் விலகினால் பணம் கட்டுவதாக எழுதித்தரும் ஒப்பந்தம். 'அதெல்லாம் கோர்ட்டில் நிற்காது' என்ற அறிவுரை விடுதி அறைகளில் தாராளமாகக் கிடைக்கும். அதை நம்பிக் கையெழுத்திடுவது ஆபத்து. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, ஒருவர் தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது, உண்மைதான். ஆனால் வேலையில் இருக்கும் காலத்துக்கான நிபந்தனைகளும் விலகிய பிறகான தடைகளும் ஒன்றல்ல என்று நீதிமன்றங்கள் நெடுங்காலமாகப் பிரித்துப் பார்த்துவருகின்றன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. மூன்றாண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது. பொதுத்துறை வங்கி ஒருவரைத் தேர்ந்தெடுக்க ஆகும் செலவையும் நடைமுறையையும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொண்டது. எல்லாத் தனியார் நிறுவனத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் 'நிற்காது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் காலம் போய்விட்டது. எத்தனை மாதம், எவ்வளவு தொகை, காலம் ஆக ஆகத் தொகை குறையுமா, நிறுவனமே வெளியே அனுப்பினாலும் கட்ட வேண்டுமா, அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்வீர்களா? கடைசிக் கேள்விக்கு 'ஆமாம்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம் என்பது என் கட்சி. வெளியேறும் அறிவிப்புக் காலம் எத்தனை நாள் என்பதையும் அப்போதே கேட்க வேண்டும். மென்பொருள் துறையில் 90 நாள் சாதாரணம். அடுத்து எடுக்க வருகிற நிறுவனமோ உடனே சேரக்கூடிய ஆளைத் தேடும்.

'எப்போது சேர வேண்டும்?' என்று விண்ணப்பதாரர் கேட்பதை அவசரம் என்று நினைப்பவர்கள் உண்டு. 2022-இல் வளாகத் தேர்வில் எடுத்த ஏறத்தாழ 2,000 பொறியாளர்களை ஒரு பெரிய மென்பொருள் நிறுவனம் இரண்டு ஆண்டு வரை சேர்த்துக்கொள்ளாமல் காக்க வைத்தது. 2024-இல் அது ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகத்துக்குப் புகாராகப் போனது. 2025 பிப்ரவரியில் அதே நிறுவனத்தின் மைசூர் வளாகத்தில், பயிற்சித் தேர்வில் மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று 300-க்கும் மேற்பட்டவர்கள் வெளியே அனுப்பப்பட்டார்கள். ஒப்பந்தத்திலேயே அந்த நிபந்தனை இருந்தது என்பது நிறுவனத்தின் பதில். இருந்தது, கையெழுத்திட்ட எத்தனை பேர் 'போன அணியில் எத்தனை பேர் தேறவில்லை?' என்று கேட்டிருப்பார்கள்?

கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்ற பயம் வீண் பயம் அல்ல. 2017-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள், உரையாடலில் அதிகம் கேள்வி கேட்பவரை, அதுவும் எதிரே இருப்பவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு மேலும் கேட்பவரை, மற்றவர்களுக்குப் பிடித்துப்போகிறது என்று கண்டார்கள். 'கேட்பதால் கெடுதல் இல்லை' என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே ஹன்னா ரைலி பவுல்ஸும் லிண்டா பாப்காக்கும் லெய் லாயும் வெளியிட்ட கட்டுரையின் தலைப்போ 'சில சமயம் கெடுதல் உண்டு' என்ற பொருள் தருவது. சம்பளத்தைப் பேசிக் கூட்டிக் கேட்ட பெண்களை மதிப்பிட்டவர்கள், அதையே செய்த ஆண்களைவிடக் கடுமையாகத் தண்டித்தார்கள் என்று அது காட்டியது. முதலாவது சாதாரண உரையாடலைப் பற்றியது, இரண்டாவது பேரத்தைப் பற்றியது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல. இரண்டும் சேர்ந்து சொல்வது இதுதான்: வேலையைப் பற்றிய கேள்விக்கு மரியாதை கிடைக்கும், உரிமையைப் பற்றிய கேள்விக்கு விலை உண்டு, அந்த விலை ஆளுக்கு ஆள் மாறும்.

நம் ஊரில் அந்த விலைப்பட்டியல் இன்னும் நீளம். மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பது 2017 திருத்தத்துக்குப் பின் சட்டம்; 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் குழந்தைகள் காப்பகமும் சட்டம். ஆனாலும் 27 வயதுப் பெண் அதை நேர்காணலில் கேட்டால் எதிரே இருப்பவர் முகம் மாறும். இரவுப் பணியையும் வீடுவரை வண்டியையும் பற்றிக் கேட்டால் 'இவர் சரிப்படமாட்டார்' என்று குறித்துக்கொள்பவர்கள் உண்டு. குடும்பத்தின் முதல் பட்டதாரிக்கு, அப்பாவும் அம்மாவும் காத்திருக்கும் வேலையைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள மனம் வராது. மாமா ஒருவர் அதே துறையில் இருந்தால் இத்தனை கேள்விக்கும் ஒரு தொலைபேசி அழைப்பில் பதில் வாங்கிவிடலாம். அப்படி மாமா இல்லாதவர்தான் அந்த அறையில் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க முடியாதவரும் அவரே. 'துணிந்து கேளுங்கள்' என்று மேடையில் சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

ஓரளவு வழி, நேரத்தில் இருக்கிறது. நேர்காணல் அறையில் வேலையைப் பற்றியும் குழுவைப் பற்றியும் மட்டும் கேட்கலாம். அதை மேலாளரிடம் கேட்க வேண்டும். சம்பளப் பிரிவினை, பாண்ட், விடுப்பு, காப்பகம் எல்லாவற்றையும் வேலைக் கடிதம் கைக்கு வந்த பிறகு, கையெழுத்திடுவதற்கு முன்னால், மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்க வேண்டும். அந்த இடைப்பட்ட சில நாட்களில்தான் விண்ணப்பதாரரின் கை ஓங்கியிருக்கிறது. தேர்ந்தெடுத்த ஆளை ஒரு கேள்விக்காக இழக்க நிறுவனம் விரும்பாது. எழுத்தில் வரும் பதிலுக்குப் பின்னாளில் மதிப்பும் உண்டு.

இன்னொரு பயத்துக்கும் பதில் சொல்லிவிடலாம். நேர்காணல் செய்பவர் நம்மை ஊடுருவிப் பார்த்துவிடுவார், ஒரு தவறான கேள்வி போதும் என்று நினைக்கிறோம். அவருடைய பார்வை அவ்வளவு கூர்மையானது அல்ல. தொழில்சார் உளவியலாளர் பால் சாக்கெட்டும் சகாக்களும் 2022-இல் பழைய ஆய்வுகளை மறுகணக்கிட்டார்கள். கேள்விகளை முன்கூட்டியே வகுத்து எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்கும் நேர்காணலுக்கும் பின்னாளில் வேலையில் காட்டும் திறனுக்கும் உள்ள ஒட்டுறவு 0.42, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலுக்கு 0.19 மட்டுமே. இரண்டு பக்கமும் இருட்டில்தான் இருக்கின்றன. விளக்கைக் கையில் வைத்திருப்பதுபோல நடிப்பது ஒரு பக்கம் மட்டும்.

வெளிநாடுகள் சில, கேட்கும் சுமையையே சட்டத்தால் இறக்கிவைக்கத் தொடங்கியிருக்கின்றன. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2021 ஜனவரி முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வீச்சைச் சொல்லியாக வேண்டும். கலிஃபோர்னியாவும் நியூயார்க் நகரமும் பின்தொடர்ந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் பிறப்பித்த ஆணை, தொடக்கச் சம்பளத்தையோ அதன் வீச்சையோ முன்கூட்டி அறியும் உரிமையை விண்ணப்பதாரருக்குத் தருகிறது; 'இதற்கு முன் என்ன வாங்கினீர்கள்?' என்று நிறுவனம் கேட்பதையும் தடுக்கிறது. உறுப்பு நாடுகள் அதைச் சட்டமாக்கக் கெடு 2026 ஜூன் 7. நம் தேர்வாணையம் நெடுங்காலமாகச் செய்துவருவதை அவர்கள் தனியாருக்கும் கட்டாயமாக்குகிறார்கள். இந்தியாவில் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக அறிவிக்கப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பணி நியமனக் கடிதத்தைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அது சேரும்போது வரும் காகிதம். சேர்வதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நேரத்துக்கு நம்மிடம் சட்டம் இல்லை.

சட்டம் வரும்வரை கல்லூரிகளின் வேலைவாய்ப்பு அலுவலர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. முந்நூறு மாணவர்கள் தனித்தனியே கேட்கப் பயப்படும் கேள்விகளை அவர்கள் ஒருமுறை கேட்டால் போதும். ஒரு மாணவருக்கு ஒரு வேலை என்று விதி வைத்து, கிடைத்ததை ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பையும் பல கல்லூரிகள் பறித்துவிடுகின்றன. அதற்கு ஈடாகவாவது இதைச் செய்ய வேண்டும். நிலையான சம்பளம் எவ்வளவு, சென்ற ஆண்டு வேரியபிள் எத்தனை சதவீதம் கொடுக்கப்பட்டது, பாண்ட் உண்டா, சென்ற அணியில் எத்தனை பேருக்குக் கடிதம் கொடுத்து எத்தனை பேரை எந்தத் தேதியில் சேர்த்துக்கொண்டார்கள், பயிற்சியில் எத்தனை பேர் வெளியேற்றப்பட்டார்கள் என்று ஒரு பக்கப் படிவம். அரங்கில் படம் ஓடுவதற்கு முன் நிறுவனம் அதை நிரப்பிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். நிரப்ப மறுக்கும் நிறுவனத்தையும் அனுமதிக்கலாம். அந்தப் பெயருக்கு நேரே காலியான படிவத்தை ஒட்டிவிடுங்கள்.